கார்பன் நானோகுழாய்களும் பலபடிகளின் பாகுநிலையும்: ஒரு வரலாறு

உருகிய பலபடி ஒன்றில் கார்பன் நானோகுழாய்களைக் கலந்தால் அதன் பாகுநிலை (பிசுக்குமை) மாறுகிறது. பெரும்பாலும் அது கூடுகிறது; அதுவும் கலந்த அளவுக்குச் சற்றும் பொருந்தாத மடங்கில் கூடுகிறது. அரிதாகச் சில கலவைகளில் குறையவும் செய்கிறது. நூறு கிராம் நெகிழியில் இரண்டு கிராம் குழாய் சேர்ந்தால், அதுவரை மெல்ல ஒழுகிக்கொண்டிருந்த உருகல் களியைப்போல அசையாமல் நின்றுவிடக்கூடும். இதே இரண்டு கிராமை உருண்டையான துகளாகப் போட்டிருந்தால் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கவே நுட்பமான கருவி வேண்டியிருக்கும்.

பாகுநிலை என்பது ஒரு பாய்மம் பாய்வதற்குக் காட்டும் எதிர்ப்பு. ஜீராவைக் கம்பிப் பதம் வரை காய்ச்சியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நெகிழித் தொழிலில் இது வெறும் அளவீடு அன்று. உருகல் அச்சுக்குள் போய் மூலைமுடுக்குகளை நிரப்புமா, எந்திரத்துக்கு எவ்வளவு அழுத்தம் தேவை, பொருள் எந்த விலைக்கு முடியும் என்பவையெல்லாம் பாகுநிலையைப் பொறுத்தவை. 1990-களில் நானோகுழாய்களைப் பற்றி எழுந்த பெரிய எதிர்பார்ப்புகளில் பல இந்த இடத்தில்தான் சோதனைக்கு உள்ளாயின. எஃகை மிஞ்சும் வலிமை குழாயில் இருக்கலாம். ஆனால் குழாய் கலந்த உருகல் அச்சுக்குள் நுழைய மறுத்தால் அந்த வலிமையால் பயன் இல்லை.

இக்கதை குழாய்கள் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்குகிறது.

ஐன்ஸ்டைனின் கோளங்கள்

பாய்மத்தின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்போது ஏற்படும் எதிர்ப்பு, அவை வழுக்கும் வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற கருத்தை நியூட்டன் 1687-இல் வெளியான தம் பிரின்சிப்பியா நூலில் முன்வைத்தார். நீர், எண்ணெய், கிளிசரின் போன்றவை இதற்குக் கீழ்ப்படிகின்றன. திடத்துகள்கள் மிதக்கும் பாய்மத்துக்கு என்ன ஆகும் என்பதற்கான முதல் கணக்கைப் போட்டவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். சூரிச் பல்கலைக்கழகத்துக்கு 1905-இல் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு சார்பியலைப் பற்றியது அன்று. சர்க்கரை கரைந்த நீரின் பாகுநிலையிலிருந்து மூலக்கூறின் அளவையும் அவகாட்ரோ எண்ணையும் கணிப்பதைப் பற்றியது. அக்கட்டுரை 1906-இல் அச்சானது.

அவர் எடுத்துக்கொண்ட படம் எளிது. பாய்மத்தில் சிறு கோளங்கள் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் மிதக்கின்றன. ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியுள்ள பாய்ச்சலைச் சற்றுக் குலைக்கிறது. அந்தக் குலைவுகளைக் கூட்டினால் பாகுநிலையின் உயர்வு கிடைக்கும். முதல் விடைப்படி, கோளங்கள் ஒரு விழுக்காடு கனஅளவை நிரப்பினால் பாகுநிலையும் ஒரு விழுக்காடு கூட வேண்டும்.

விடை தவறு. பாரிசில் ழான் பெரினின் ஆய்வகத்தில் ழாக் பான்சலன் என்பவர் மஞ்சள் மரப்பிசின் துகள்களை நீரில் கலக்கி அளந்தபோது, உயர்வு அதைப்போல் ஏறத்தாழ 3.9 மடங்காக இருந்தது. ஐன்ஸ்டைன் தம் கணக்கைத் திரும்பப் பார்த்தும் பிழை அகப்படவில்லை. பின்னர் தம்முடன் பணியாற்றிய லுட்விக் ஹோப்பிடம் சரிபார்க்கச் சொன்னார். ஹோப் வகையீடு செய்த இடத்தில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். 1911-இல் திருத்தம் வெளியானது: கோளங்களின் கனஅளவு விகிதத்தை 2.5-ஆல் பெருக்கினால் பாகுநிலையின் உயர்வு கிடைக்கும். முதலில் 2.1 × 10²³ என்று வந்திருந்த அவகாட்ரோ எண், புதிய சர்க்கரைக் கரைசல் அளவீடுகளோடும் இந்தத் திருத்தத்தோடும் 6.56 × 10²³ ஆனது. இன்று ஏற்கப்படும் 6.02 × 10²³-க்கு அது வெகு அருகில் உள்ளது. தேர்வுத்தாளில் ஒரு வரி பிசகியதற்காக மனம் உடையும் மாணவர்கள் இந்த நிகழ்ச்சியை அறிந்திருப்பது நல்லது.

இந்த 2.5 என்ற எண்ணில் கவனிக்க வேண்டியது, அதில் கோளத்தின் பருமன் இல்லை. கடுகளவு கோளமானாலும் கண்ணுக்குத் தெரியாத கோளமானாலும் மொத்தக் கனஅளவு ஒன்றாயிருந்தால் விளைவும் ஒன்றே. திடப்பொருள் சேர்ந்தால் பாகுநிலை கூடத்தான் செய்யும், குறையாது என்பதும் இதில் அடங்கியுள்ளது. துகள்கள் கோளமாகவும் அரிதாகவும் இருக்கும்வரை இது செல்லும். நானோகுழாய்கள் கோளமும் அல்ல, விரைவிலேயே அரிதாகவும் இருப்பதில்லை.

கோள வடிவத்தை விட்டு முதலில் விலகியவர் இங்கிலாந்துக் கணிதவியலாளர் ஜி. பி. ஜெஃப்ரி. நீள்வட்டத் திண்மம் ஒன்று பாயும் திரவத்தில் எப்படிச் சுழலும் என்று 1922-இல் அவர் கணக்கிட்டார். நீண்ட துகள் ஒரே சீராகச் சுழல்வதில்லை. பாய்ச்சலின் திசையில் நெடுநேரம் படுத்திருக்கும். பிறகு சட்டென்று குட்டிக்கரணம் அடித்து மீண்டும் படுத்துக்கொள்ளும். பிற்காலத்தில் நானோகுழாய்களின் நடத்தையை விளக்க முயன்றவர்கள் எல்லாரும் இந்தக் கணக்கிலிருந்தே தொடங்கினர்.

சங்கிலிகள், வண்ணப்பூச்சு, டயர்

கலக்கப்படும் துகளைப் போலவே கலவையின் மற்றப் பாதியான பலபடியும் அப்போது புதிராகத்தான் இருந்தது. ரப்பர், செல்லுலோசு போன்றவை சிறு மூலக்கூறுகளின் கூட்டம் என்றே பல வேதியியலாளர்கள் நம்பினர். அவை மிக நீண்ட ஒற்றைச் சங்கிலிகள் என்று ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920-இல் எழுதினார். அதை நிலைநாட்ட அவர் கையாண்ட முதன்மைக் கருவிகளில் ஒன்று பாகுநிலை அளவீடு: சங்கிலி நீளும்தோறும் கரைசலின் பாகுநிலை கூடியது. 1953-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த நீண்ட மூலக்கூறுகள் விறைப்பான கோல்கள் என்று அவர் பிடிவாதமாக நம்பினார், அது பொருந்தவில்லை. வெர்னர் கூன் முதலானோர் 1930-களில் காட்டியபடி பெரும்பாலான பலபடிச் சங்கிலிகள் நூற்கண்டைப்போல வளைந்து சுருண்டு கிடப்பவை. உருகலில் இச்சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்குகின்றன. சிக்கும் அளவுக்கு நீண்டுவிட்ட பிறகு, சங்கிலியின் நீளம் இருமடங்கானால் பாகுநிலை ஏறத்தாழப் பத்து மடங்காகும். வேகமாகத் தள்ளினால் சிக்கல்கள் பாய்ச்சலின் திசையில் நெகிழ்ந்து பாகுநிலை இறங்கும். நெகிழி ஆலைகள் இயங்குவதே இந்த இறக்கத்தால்தான்.

ஸ்டாடிங்கர் கற்பனை செய்த விறைத்த கோல்கள் பலபடிகளுக்குள் வந்து சேர இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின. வந்தவை பலபடிகளாக அல்லாமல் கார்பனாக வந்தன.

இதற்கிடையே தொழிற்சாலைகளில் வேறொரு பாடம் கற்கப்பட்டிருந்தது. அமெரிக்காவின் லாஃபாயெட் கல்லூரியைச் சேர்ந்த யூஜின் பிங்காம், ஹென்றி கிரீனுடன் சேர்ந்து 1919-இல் வண்ணப்பூச்சை ஆராய்ந்தார். வண்ணப்பூச்சு சாதாரணத் திரவம் அன்று. ஒரு குறிப்பிட்ட அளவு விசை கிடைக்கும்வரை அது திண்மம்போல் நிற்கிறது, அதைத் தாண்டினால்தான் பாய்கிறது என்று அவர்கள் காட்டினர். தூரிகைக்கு இணங்கி, சுவரில் வழியாமல் நிற்பதற்கு இதுவே காரணம். இத்தகைய பொருள்களைப் படிக்க பாய்வியல் என்ற தனித்துறையே உருவாகி, 1929-இல் அமெரிக்காவில் அதற்கென ஒரு கழகமும் தொடங்கப்பட்டது.

இன்னொரு பாடம் டயரிலிருந்து வந்தது. தொடக்ககால டயர்கள் வெளிர்நிறத்தவை. 1904-இல் லண்டனை அடுத்த சில்வர்டவுனில் இருந்த ரப்பர் ஆலையில் மோட் என்பவர் ரப்பரில் கார்பன் கரியைக் கலந்து, அது ரப்பரை வலுப்படுத்துவதைக் கண்டார். கரித்தூள் கலந்த ரப்பரைப் பிசைவது கடினமாயிற்று. ஆனால் டயரின் ஆயுள் பன்மடங்கு நீண்டது. கரித்தூளின் விளைவு ஐன்ஸ்டைனின் கணக்கைவிட எப்போதும் மிகையாகவே இருந்தது. 1938-இல் யூஜின் குத், கோல்டு ஆகியோர் துகள்கள் ஒன்றையொன்று பாதிப்பதையும் கணக்கில் சேர்த்து ஒரு கூடுதல் உறுப்பை இணைத்தனர். 1945-இல் குத் ஒரு படி மேலே சென்று, சங்கிலிபோல் கோத்து நிற்கும் துகள்களைக் கோல்களாகப் பாவித்து, நீளத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைச் சமன்பாட்டில் நுழைத்தார்.

அந்தச் சமன்பாட்டை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். கனஅளவில் ஒரு விழுக்காடு கோளங்கள் சேர்ந்தால் 1 என்றிருந்த மதிப்பு 1.026 ஆகிறது. அதே ஒரு விழுக்காடு, விட்டத்தைப்போல் நூறு மடங்கு நீளமுள்ள கோல்களாக இருந்தால் 3.29 ஆகிறது. பொருளும் அளவும் மாறவில்லை. வடிவம் மட்டுமே மாறியது. குத் இதை எழுதியபோது நூறு மடங்கு நீளமுள்ள நானோ அளவுக் கோல் எதுவும் ரப்பர் ஆலைகளில் இல்லை.

கரித்தூள் ரப்பரை மிகச் சிறிதாக அசைத்தால் விறைப்பாகவும், சற்றே கூடுதலாக அசைத்தால் தளர்வாகவும் இருப்பதை ஏ. ஆர். பெய்ன் 1960-களின் தொடக்கத்தில் விரிவாக அளந்தார். துகள்கள் தங்களுக்குள் ஒரு வலையைப் பின்னியிருக்கின்றன, அசைவு அந்த வலையை அறுக்கிறது என்பது அவர் தந்த விளக்கம். நானோகுழாய்க் கலவைகளைப் புரிந்துகொள்ளத் தேவையான கருத்துகளில் பாதி இவ்வாறு டயர்த் தொழிலிலேயே உருவாகிவிட்டன என்பதைப் பிற்காலக் கட்டுரைகள் பல சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

குழாய்கள்

கார்பன் நானோகுழாய்களைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் சுமியோ ஈஜிமா என்று பாடநூல்கள் சொல்கின்றன. சுக்குபாவில் உள்ள என்.இ.சி. ஆய்வகத்தில், மின்வில்லில் உருவான கரிப்படிவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து 1991 நவம்பரில் நேச்சர் இதழில் அவர் எழுதிய கட்டுரைதான் உலகின் கவனத்தை ஈர்த்தது. ஆனால் உள்ளீடற்ற கார்பன் இழைகளின் படங்களை ராதுஷ்கேவிச், லுக்யானோவிச் என்ற சோவியத் அறிவியலாளர்கள் 1952-இலேயே ரஷ்ய மொழியில் வெளியிட்டிருந்தனர். பனிப்போர்க் காலத்தில் அவ்விதழை மேற்கில் படித்தவர் சிலரே. மொரினோபு எண்டோ 1970-களில் பிரான்சில் இத்தகைய இழைகளை வளர்த்தார். ஹைப்பீரியன் என்ற அமெரிக்க நிறுவனம் நுண்ணிழைக் கார்பனுக்கு 1987-இலேயே காப்புரிமை பெற்றிருந்தது. ஈஜிமாவின் பங்கு, சுருட்டிய கிராஃபைட்டுத் தாள்களாக அவற்றின் அணு அமைப்பை விளக்கியதாகும். 1993-இல் ஒற்றைச்சுவர்க் குழாய்களை அவருடைய குழுவும் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பெத்யூன் குழுவும் தனித்தனியே அறிவித்தன.

குழாயின் அளவுகளைப் பார்த்தாலே பாகுநிலைச் சிக்கல் புரியும். பலசுவர்க் குழாயின் விட்டம் 10 நானோமீட்டர், நீளம் 1,000 நானோமீட்டர் என்று கொள்வோம். அது சுதந்திரமாகத் தலைகீழாய்ச் சுழல வேண்டுமானால், தன் நீளத்தை விட்டமாகக் கொண்ட ஒரு கோளம் அளவுக்கு இடம் வேண்டும். அந்தக் கோளத்தின் கனஅளவு குழாயின் சொந்தக் கனஅளவைப்போல் ஏறத்தாழ 6,700 மடங்கு. அதாவது, மொத்தக் கனஅளவில் வெறும் 0.015 விழுக்காடு குழாய் சேர்ந்ததுமே ஒன்றின் சுழற்சி மற்றொன்றால் தடைபடத் தொடங்கும். லார்ஸ் ஆன்சாகர் 1949-இல் கோல்களின் நெரிசலைப் பற்றியும், மசாவோ டாய், சாம் எட்வர்ட்ஸ் ஆகியோர் 1978-இல் அவை திரவத்தில் நகர்வதைப் பற்றியும் எழுதிய கோட்பாடுகளின் சாரம் இதுவே.

எள்ளுக் குவியலிலிருந்து ஒரு பிடி எடுத்தால் மற்றவை இருந்த இடத்தில் சரிந்து அடங்கும். வைக்கோற்போரில் ஒரு பிடியை உருவினால் அக்கம்பக்கம் எல்லாம் சேர்ந்து வரும். கரித்தூளுக்கும் நானோகுழாய்க்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய இதுதான்.

கலப்பதில் இருந்த சிக்கல்

முதல் நானோகுழாய்–பலபடிக் கலவையைப் பற்றி 1994-இல் சயன்ஸ் இதழில் எழுதியவர் கேரளத்தின் கொடுங்கல்லூரில் பிறந்த புளிக்கல் அஜயன். அப்போது அவர் பிரான்சில் பணியாற்றிக்கொண்டிருந்தார். எப்பாக்சிப் பிசினில் குழாய்களைக் கலந்து உறையவைத்து, மிக மெல்லிய சீவல்களாக வெட்டினார்கள். வெட்டிய விசையிலேயே குழாய்கள் ஒரே திசையில் வரிசைப்பட்டன. அக்கட்டுரையின் நோக்கம் பாகுநிலை அன்று. ஆயினும் பாய்ச்சலும் சறுக்கலும் குழாய்களைத் திசைப்படுத்தும் என்ற செய்தி முதல் கட்டுரையிலேயே இருந்தது. 1996-இல் டிரேசி, எப்சன், கிப்சன் ஆகியோர் குழாய்களின் யங் குணகம் டெராபாஸ்கல் அளவில் இருப்பதாக அளந்து சொன்னதும், அவற்றை நெகிழியில் போட்டு எஃகுக்கு மாற்று உண்டாக்கிவிடலாம் என்ற ஆவல் ஆய்வகங்களைப் பற்றிக்கொண்டது.

கலந்து பார்த்தவர்களுக்கு முதலில் கிடைத்தது கட்டிகள். குழாய்கள் ஒன்றையொன்று வாண்டர்வால்ஸ் விசையால் ஈர்த்துக் கட்டுக்கட்டாக ஒட்டிக்கொள்கின்றன. ஒரு கிராம் ஒற்றைச்சுவர்க் குழாயின் வெளிப்பரப்பு கணக்குப்படி ஏறத்தாழ 1,300 சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் ஆறு கிரவுண்டு மனைக்குச் சற்றே குறைவு. இத்தனை பரப்பையும் பலபடியால் நனைத்தால்தான் கட்டிகள் பிரியும். பிரிக்க வேண்டுமானால் வலுவாகப் பிசைய வேண்டும். வலுவாகப் பிசைந்தால் குழாய்கள் ஒடிந்து குட்டையாகின்றன. எந்த நீளத்துக்காக அவற்றைச் சேர்த்தார்களோ அந்த நீளம் போய்விடுகிறது. மென்மையாகப் பிசைந்தால் கட்டி அப்படியே நிற்கிறது. இவற்றோடு, கட்டிகள் பிரியப் பிரியப் பாகுநிலையும் ஏறி, பிசைவதையே கடினமாக்குகிறது.

சிலர் குழாய்களைக் கரைப்பானில் மீயொலியால் பிரித்து, பலபடியையும் அதிலேயே கரைத்து, பின்னர் இரண்டையும் ஒன்றாக வீழ்படிவாக்கினர். ஹாம்பர்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கோஜ்னியும் ஷுல்ட்டும் அச்சுமை, வண்ணப்பூச்சுத் தொழில்களில் பழகிய மூன்று உருளை அரவையைக் கொண்டு எப்பாக்சியில் குழாய்களைப் பிரித்தனர். மாவரைக்கும் கல்லின் தத்துவம்தான். உருளைகளுக்கிடையே உள்ள குறுகிய இடைவெளியில் பிசின் நசுங்கிச் சறுக்கும்போது கட்டிகள் பிரிகின்றன.

வலை உருவாகும் அளவு

ஜெர்மனியின் டிரெஸ்டனில் உள்ள லைப்னிட்ஸ் பலபடி ஆய்வு நிறுவனத்தின் பெட்ரா பொட்ஷ்கே, அமெரிக்காவின் ஃபோர்னெஸ், பால் ஆகியோருடன் 2002-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுபவற்றுள் ஒன்று. ஹைப்பீரியன் நிறுவனம் விற்ற, 15 விழுக்காடு பலசுவர்க் குழாய் கொண்ட பாலிகார்பனேட்டை எடுத்து, வெறும் பாலிகார்பனேட்டோடு உருக்கிக் கலந்து பல செறிவுகளில் மாதிரிகள் செய்தனர். 260 பாகை செல்சியசில் இரண்டு வட்டத்தகடுகளுக்கு இடையே உருகலை வைத்து, மேல்தகட்டை முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்து அளந்தனர்.

இந்த அசைக்கும் சோதனையைச் சற்று விளக்க வேண்டும். தகட்டை மிக மெதுவாக அசைத்தால் சாதாரண உருகலின் சங்கிலிகளுக்குத் தளர்ந்துகொள்ள நேரம் கிடைக்கும். அது திரவமாகவே நடந்துகொள்ளும். உள்ளே ஒரு வலை இருந்தால் எவ்வளவு நேரம் கொடுத்தாலும் அது தளராது. மெதுவான அசைவுக்கும் திண்மம்போல் மீள்விசை காட்டும். எனவே தாழ்ந்த அலைவெண்ணில் வரைகோடு இறங்காமல் சமதளமாகி நின்றால் வலை பின்னப்பட்டுவிட்டது என்று பொருள். நுண்ணோக்கி ஒரு துளியைத்தான் காட்டும். இந்தச் சோதனை முழு உருகலின் உட்புறத்தையும் சொல்லிவிடும்.

டிரெஸ்டன் மாதிரிகளில் ஏறத்தாழ இரண்டு எடை விழுக்காட்டில் தாழ் அலைவெண் பாகுநிலை திடீரென எழும்பியது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட விழுக்காட்டில் மின்தடையும் சரிந்தது. அதாவது, பாய்ச்சலைத் தடுக்கும் வலையும் மின்சாரத்தைக் கடத்தும் வலையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் தோன்றின. பாகுநிலையின் உயர்வு, தடித்த கார்பன் நுண்ணிழைகளாலும் கரித்தூளாலும் ஏற்படுவதாக அதுவரை அறிவிக்கப்பட்டிருந்ததைவிட மிக அதிகம்.

அப்படியானால் இரண்டும் ஒரே வலைதானா? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கேரன் வைனியின் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வு, அல்ல என்றது. ஒற்றைச்சுவர்க் குழாய்களை பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்டில் நன்கு பிரித்துக் கலந்தபோது, உருகல் திண்மம்போல் மாறிய அளவு 0.12 எடை விழுக்காடு. மின்கடத்தல் தொடங்கிய அளவு 0.39 எடை விழுக்காடு. அவர்கள் தந்த காரணம் தெளிவானது. எலக்ட்ரான் ஒரு குழாயிலிருந்து அடுத்ததற்குத் தாவ வேண்டுமானால் இடைவெளி ஏறத்தாழ 5 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். பாய்ச்சலைத் தடுக்கக் குழாய்கள் அவ்வளவு நெருங்க வேண்டியதில்லை. இடையில் உள்ள பலபடிச் சங்கிலி இரண்டையும் தொட்டுக்கொண்டிருந்தாலே போதும், அதன் அசைவு முடங்கிவிடும். குழாய்கள் தனியாக வலை பின்னுவதில்லை, சங்கிலிகளும் அந்த வலையின் கயிறுகளாகின்றன என்ற எண்ணம் இதன்பின் வலுப்பெற்றது. வெப்பநிலை உயர்ந்தால் பாலிகார்பனேட்டில் வலை தோன்றும் அளவு குறைகிறது என்று டிரெஸ்டன் குழு பின்னர் கண்டதும், வலையில் சங்கிலிகளுக்குப் பங்குண்டு என்பதையே காட்டியது.

ஆய்வகங்களின் மனப்போக்கிலும் இங்கே ஒரு மாற்றம் நிகழ்ந்தது. பாகுநிலை அதுவரை தொல்லையாகவே பார்க்கப்பட்டது. இப்போது அது சாட்சியாகவும் ஆனது. ஒரே அளவு குழாய் கலந்த இரண்டு மாதிரிகளில் ஒன்று எளிதாகப் பாய்கிறது என்றால், மகிழ்ச்சி அடைவதற்கு முன் அதில் குழாய்கள் கட்டிகளாகவே கிடக்கின்றனவா அல்லது ஒடிந்துவிட்டனவா என்று பார்க்க வேண்டும். 'பாகுநிலை ஏறவில்லை' என்று பெருமையாக அறிவித்த தொடக்ககாலக் கட்டுரைகள் சிலவற்றை இன்று அப்படித்தான் வாசிக்கத் தோன்றுகிறது.

பாயும்போது

மெதுவாக அசைத்து அளப்பது ஒன்று. ஆலையில் உருகலை வேகமாகத் தள்ளுவது வேறு. வேகம் கூடும்போது வலை அறுந்து, குழாய்கள் பாய்ச்சலின் திசையில் படுக்கின்றன. இதனால் உயர்ந்த வேகத்தில் கலவையின் பாகுநிலை வெறும் பலபடியின் பாகுநிலையை ஏறக்குறைய எட்டிப்பிடித்துவிடுகிறது. தாழ்ந்த வேகத்தில் ஆயிரம் மடங்கு வேறுபடும் இரண்டு மாதிரிகள் ஊசி அச்சு எந்திரத்தில் ஒன்றுபோலவே நடந்துகொள்ளக்கூடும். இது ஆலைக்கு நற்செய்தி. ஆனால் பாதி நற்செய்திதான். அறுந்த வலை அச்சுக்குள் உறைந்துபோனால் பொருளின் மின்கடத்தல் இல்லாமல் போகிறது.

அமெரிக்கத் தேசியத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்டில் கார்சென்கோ, டக்ளஸ், மிக்ளர் முதலானோர் 2004-இல் பாலிபுரொப்பிலீன் கலவையில் இதை அளந்தனர். சறுக்கு வேகம் கூடக்கூட மின்கடத்தல் இறங்கியது. இன்னொரு விந்தையும் தெரிந்தது. உருகிய பலபடி குறுகிய துளை வழியே வெளிவந்தவுடன் பருக்கும். முறுக்குப் பிழிபவர் மாவில் இதை எதிர்பார்ப்பதில்லை, நெகிழிப் பொறியாளரோ இதற்கென்றே அச்சின் துளையைச் சிறிதாக்கி வைப்பார். நானோகுழாய் கலந்த உருகலில் இந்தப் பருத்தல் அடங்கி, எதிர்த்திசையில் செல்லும் போக்கே காணப்பட்டது. அதே நிறுவனத்தில் எரிக் ஹாபி குழு, கண்ணாடித் தகடுகளுக்கிடையே மெல்லச் சறுக்கப்பட்ட கலவைகளில் குழாய்க் கட்டிகள் பாய்ச்சலுக்குக் குறுக்காக நீண்ட உருளைகளாய்த் திரள்வதை நுண்ணோக்கியில் படம் பிடித்தது. உள்ளங்கைகளுக்கிடையே திரியை உருட்டுவதுபோன்ற காட்சி அது. மென்மையாகக் கலக்கினால் பிரியும் என்று எண்ணியவர்களுக்கு இது எச்சரிக்கை: மென்மையான பாய்ச்சல் கட்டிகளை வளர்க்கவும் செய்யும்.

அறுந்த வலை திரும்பப் பின்னப்படுமா என்பது அடுத்த கேள்வி. டார்ம்ஸ்டாட்டில் இங்கோ அலிக் குழு, உருகலில் மின்கடத்தலையும் பாகுநிலையையும் ஒரே நேரத்தில் தொடர்ந்து அளந்து இதற்கு விடை கண்டது. ஒரு குறுகிய சறுக்கலில் மின்கடத்தல் பல மடங்கு சரிகிறது; உருகலை அசைக்காமல் சூடாகவே வைத்திருந்தால் மெல்ல மீள்கிறது. ஆகவே பாகுநிலை என்பது கலவையின் நிலையான பண்பு என்றில்லாமல் அதன் அண்மை வரலாற்றையும் பொறுத்தது. அச்சில் நிரப்பிய வேகம், அச்சின் வெப்பம், உறையவிட்ட நேரம் ஆகிய யாவும் முடிந்த பொருளில் பதிந்துவிடுகின்றன.

பாகுநிலை குறைந்த கலவைகள்

திடப்பொருள் சேர்ந்தால் பாகுநிலை கூடியே தீரும் என்ற ஐன்ஸ்டைனின் முடிவுக்கு 2003-இல் ஒரு விலக்கு வந்தது. மைக்கேல் மக்கே தலைமையிலான அமெரிக்கக் குழு, பாலிஸ்டைரீன் சங்கிலிகளையே குறுக்கிணைத்துச் செய்த நானோ உருண்டைகளை உருகிய பாலிஸ்டைரீனில் கலந்தபோது பாகுநிலை இறங்கியது. உருண்டைகள் சங்கிலிகளுக்கு நிகரான அளவில் இருக்கும்போது, பாய்மம் என்பது தொடர்ச்சியான ஊடகம் என்ற ஐன்ஸ்டைனின் எடுகோள் செல்லாது. பெரிய யானைக்குக் கூட்டம் ஒரு திரவம். கூட்டத்தில் ஓர் ஆளுக்கு அது திரவமன்று.

நானோகுழாய்களிலும் இது நேர்ந்தது. நெதர்லாந்தின் ஐந்தோவனில் சஞ்சய் ரஸ்தோகி குழு, மிகவுயர் மூலக்கூறு எடையுள்ள பாலிஎத்திலீனில் ஒற்றைச்சுவர்க் குழாய்களைச் சேர்த்ததை 2006-இல் வெளியிட்டது. இந்தப் பாலிஎத்திலீன் செயற்கை மூட்டுகளிலும் குண்டு துளைக்காத கவச இழைகளிலும் பயன்படுவது. சங்கிலிகள் மிக நீண்டிருப்பதால் உருகினாலும் பாயாது. மிகச் சிறிய அளவு குழாய் சேர்ந்ததும் பாகுநிலை குறைந்தது. மேலும் சேர்த்தபோது மீண்டும் ஏறியது. கலவையில் உள்ள மிக நீண்ட சங்கிலிகள் குழாயின் பரப்பில் ஒட்டிக்கொள்வதால் எஞ்சியவை எளிதாகப் பாய்கின்றன என்பது அவர்கள் விளக்கம். சிக்கலுக்குப் பெரும்பொறுப்பான நீண்ட சங்கிலிகளைக் குழாய் தன்பால் இழுத்துக்கொள்கிறது; குழாய்கள் பெருகி வலை பின்னத் தொடங்கியதும் அந்த ஆதாயம் போய்விடுகிறது. எல்லாப் பலபடிகளிலும் இதை எதிர்பார்க்க முடியாது.

ஆலைகளில்

நானோகுழாய்கள் தொழிலில் முதலில் இடம்பிடித்தது வலிமைக்காக அன்று. ஊர்திகளில் எரிபொருள் செல்லும் நைலான் குழாய்களில் நிலைமின்சாரம் தேங்கித் தீப்பொறி எழாதிருக்க ஹைப்பீரியன் நிறுவனத்தின் நுண்ணிழைகள் சேர்க்கப்பட்டன. அதற்குச் சில விழுக்காடு போதும். கரித்தூள் என்றால் பல மடங்கு வேண்டும், பாகுநிலையும் உடையும் தன்மையும் அதனால் கூடும். மின்கடத்தலுக்குத் தேவையான அளவு குறைவாக இருந்ததால் பாகுநிலையைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. வலிமைக்கோ கூடுதல் அளவு தேவைப்பட்டது. அந்த அளவில் உருகல் பாய மறுத்தது. விமான உறுப்புகளுக்காகக் கார்பன் துணியடுக்குகளுக்குள் எப்பாக்சியை உறிஞ்சவிடும் முறையில், அரை விழுக்காடு குழாய்கூடப் பிசினின் ஊடுருவலைத் தடுத்தது. துணியே வடிகட்டிபோல் குழாய்களை வாயிலில் நிறுத்தியும் வைத்தது.

ஜெர்மனியின் லெவர்குசனில் பேயர் நிறுவனம் ஆண்டுக்கு 200 டன் குழாய் உற்பத்தி செய்யும் ஆலையை 2010-இல் திறந்தது. 2013-இல் அத்தொழிலையே கைவிடுவதாக அறிவித்தது. எதிர்பார்த்த பயன்பாடுகள் பெருமளவில் வரவில்லை. அதற்குக் காரணங்கள் பல. பாகுநிலை அவற்றுள் ஒன்றுதான், ஆயினும் சிறியதன்று.

குழாய்களுக்குப் பெரிய சந்தை கிடைத்த இடம் லித்தியம் மின்கலம். மின்வாய்ப் பொடியையும் பலபடிப் பிணைப்பானையும் கரைப்பானில் குழைத்து உலோகத் தகட்டில் பூசும்போது, மின்கடத்தலுக்காகக் கரித்தூளுக்குப் பதில் சிறிதளவு நானோகுழாய் சேர்க்கப்படுகிறது. இந்தக் குழைவு பூசும் வேகத்தில் இளகவும் வேண்டும், பூசியபின் பொடி அடியில் தங்காமல் நிற்கவும் வேண்டும். முப்பரிமாண அச்சுக்கான மைகளிலும் இதே தேவை உண்டு: ஊசிமுனையில் பாய்ந்து, வெளியே வந்ததும் வடிவம் குலையாமல் நிற்க வேண்டும். பிங்காமும் கிரீனும் 1919-இல் வண்ணப்பூச்சில் கண்ட அதே பண்பை, இந்த மைகளைச் செய்பவர்கள் குழாய்களின் அளவையும் நீளத்தையும் மாற்றி மாற்றி வேண்டிய அளவுக்கு அமைத்துக்கொள்கின்றனர்.